பிஸ்கட்டைக் காட்டிப் பேச வைக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு. 4 மாதமாகக் காது கேட்கும் மிஷின் போடுகிறோம். வார்த்தை சொன்னால்தான் பிஸ்கட் என்று மாமியார் பழக்குகிறார். இப்போது டப்பாவைப் பார்த்தாலே அழுகிறான், மிஷினையும் பிடுங்குகிறான். பரிசு கொடுத்துப் பழக்குவது தப்பா?
– ஒரு தாய், நெல்லிக்குப்பம்

பதில்: பரிசு தப்பில்லை அம்மா. எதைப் பரிசாகக் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவன் 'பா' என்று சொல்லிப் பால் டம்ளரைக் காட்டினால், உடனே முகத்துக்கு நேரே குனிந்து, "பாலா? பால் வேணுமா? இந்தா பால்" என்று கொடுத்துவிடுங்கள். தான் சொன்னது அம்மாவுக்குப் புரிந்தது, கேட்டது கிடைத்தது என்பதைவிடப் பெரிய பரிசு அவனுக்கு வேறில்லை. "பால்னு ஒழுங்கா சொல்லு" என்று டம்ளரைப் பின்னால் மறைக்கவே கூடாது. சாப்பாடும் தண்ணீரும் பேச்சுக்குக் கூலி ஆகக் கூடாது.

அவனுக்கு வயது இரண்டரை என்றாலும், மிஷின் வழியாகக் கேட்க ஆரம்பித்து 4 மாதம்தான் ஆகிறது. 4 மாதக் கைக்குழந்தையிடம் யாரும் வார்த்தை கேட்பதில்லையே! சத்தம் வந்த பக்கம் திரும்பினால், உங்கள் வாயைப் பார்த்தால், கையை நீட்டினால், அதற்கும் சிரித்துப் பதில் சொல்லுங்கள். சைகையும் மொழிதான். சைகை காட்டினால் பேச்சு வராது என்ற பயம் வேண்டாம்.

தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போனால் ஊஞ்சலில் உட்கார வையுங்கள். நாலு ஆட்டு ஆட்டிவிட்டு நிறுத்தி, அவன் முகத்தைப் பார்த்தபடி சும்மா காத்திருங்கள். ஒரு சத்தமோ சைகையோ வந்ததும், "ஆட்டு!" என்று சொல்லி ஆட்டுங்கள். ஒன்றும் வராவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் நீங்களே சொல்லி ஆட்டிவிடுங்கள். அழ விடாதீர்கள்.

மிஷினைப் பிடுங்குவது வெறும் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். இந்த வயதில் காது வளர்வதால், மிஷினில் காதுக்குள் பொருந்தும் பகுதியான மோல்டு சீக்கிரமே லூசாகிவிடும். 'கீ' என்று விசில் அடிக்கும். காது சிவந்திருக்கிறதா, சீழ் வருகிறதா என்றும் பாருங்கள். ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதித்து மிஷின் பொருத்தும் நிபுணர்) காட்டிச் சரிசெய்தபின், மிஷினை மாட்டியதும் அவனுக்குப் பிடித்த விளையாட்டைத் தொடங்குங்கள். இங்கே பரிசு நன்றாகவே வேலை செய்யும். பேட்டரி மட்டும் அவன் கைக்கு எட்டவே கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

நாள் முழுக்கப் போட்டும் பலன் போதவில்லை என்று தெரிந்தால், காக்ளியர் இம்பிளான்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) பற்றி இப்போதே கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அதை 6 வயதுக்குள் செய்ய வேண்டும் என்ற வரம்பு உண்டு. உங்கள் ஊரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியும் பக்கம்தான்.

அப்புறம், மாமியாரைக் குறை சொல்லாதீர்கள். பேரன் பேச வேண்டும் என்ற தவிப்புதான் அது. அடுத்த ஸ்பீச் தெரபிக்கு அவரையும் கூட்டிப் போய், தெரபிஸ்ட் முன்னாலேயே பேரனோடு விளையாடச் சொல்லுங்கள்.