4×5 கேமராவில் 120 ரோல் ஃபிலிம் போட்டு எடுப்பது வீண் வேலையா?

வீண் வேலை இல்லை. 4×5 என்பது 4×5 அங்குலத் தனித்தனி ஃபிலிம் தாளில் (ஷீட் ஃபிலிம்) எடுக்கும் பெரிய கேமரா. 120 என்பது அதைவிடச் சின்ன சுருள் ஃபிலிம், மீடியம் ஃபார்மட் கேமராக்களில் போடுவது. "அதுக்கு ஒரு மீடியம் ஃபார்மட் கேமராவே வாங்கியிருக்கலாமே" என்று நண்பர் ஒருவர் நாலு பேர் முன்னால் என்னை நக்கலடித்ததிலிருந்து இதற்கான பதில் தொண்டையிலேயே நிற்கிறது. இங்கே கொட்டிவிடுகிறேன்.

உங்களுக்கும் 4×5 கேமரா கைக்கு வந்துவிட்டது, ஷீட் ஃபிலிம் விலையைக் கேட்டதும் தலை சுற்றிவிட்டது, அதுதானே? நானும் அப்படித்தான் ரோல் ஹோல்டருக்கு, அதாவது 4×5 கேமராவின் பின்னால் 120 சுருளை மாட்டும் பெட்டிக்கு, வந்தேன். ஒரு 120 ரோலில் 6×9 செ.மீ. அளவு என்றால் 8 படம், 6×7 என்றால் 10 படம். ஆனால் காசு மிச்சம் என்பதற்காக மட்டும் நான் இதில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை எடுக்கப் போயிருந்தேன். 1987-ல் கட்டி முடித்த 13 நிலைக் கோபுரம், உயரம் 72 மீட்டர் அளவில் வரும். சாதாரண கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்பக்கம் சாய்ந்து விழுகிற மாதிரி இருக்கும். 4×5 போல முன்னும் பின்னும் தனித்தனியாக நகரும் வியூ கேமராவில், ஃபிலிம் இருக்கும் பின்பக்கத்தை நெட்டுக்குத்தாக நிறுத்திவிட்டு லென்ஸை மட்டும் மேலே ஏற்றிக்கொள்ளலாம். இதைத்தான் ரைஸ் என்பார்கள். என்னிடம் இருந்தது 90 எம்.எம். லென்ஸ். தெற்கே ஏறக்குறைய 100 மீட்டர் தள்ளி நின்றால் 72 மீட்டர் கோபுரம் ஃபிலிமில் 65 மி.மீ. உயரத்துக்கு விழும். ஷீட் போட்டாலும் அதே 65 மி.மீ.தான். மிச்ச இடமெல்லாம் ஒயரும் பேனரும் வானமும். பின்னால் வெட்டி எறியப்போகிற அந்த இடத்துக்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்? 6×9-ன் நீளப் பக்கம் 84 மி.மீ., நெட்டாகத் திருப்பி வைத்தால் கோபுரம் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்துவிடுகிறது.

லென்ஸை 3 செ.மீ.க்கு மேல் ஏற்றியும் படத்தின் மூலை இருட்டவில்லை. 4×5 ஷீட்டின் மூலைவிட்டம் 150 மி.மீ.க்கு மேல், 6×9-க்கு 101 மி.மீ.தான். பெரிய ஃபிலிமுக்காகச் செய்த லென்ஸ் போடும் வெளிச்ச வட்டத்துக்குள் சின்ன ஃபிலிமை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். நண்பர் சொன்ன மீடியம் ஃபார்மட் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் இது முடியவே முடியாது.

நான் கறுப்புத் துணிக்குள் இருந்தபோது டீக்கடைக்காரர் வந்து, "தம்பி, சர்வேயா? ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களா?" என்றார். "இல்லண்ணே, கோபுரத்தைத்தான் எடுக்குறேன்" என்று அவரையும் துணிக்குள் விட்டேன். லென்ஸ் போடும் படம் தெரிகிற பின்பக்கக் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸில் பென்சிலால் 6×9 கட்டம் போட்டு வைத்திருந்தேன். "தலைகீழா நிக்குது, ஆனா கோட்டுக்குள்ள கச்சிதமா நிக்குது" என்றார். ஒரு வார்த்தையில் விஷயம் புரிந்தவர் அவர்தான்.

சாய்ந்த கோபுரத்தைக் கம்ப்யூட்டரில் நேராக்கிக்கொள்ளலாமே என்று யாராவது கிளம்புவார்கள். ஆக்கலாம். இழுத்து நேராக்கும்போது உச்சிக் கலசத்தில் இருக்கிற விவரம்தான் முதலில் கரையும்.

குறை இல்லாமல் இல்லை. சந்துக்குள் நின்று எடுக்க 6×9-ல் இந்த 90 பத்தாது. 65, 47 எம்.எம். என்று இன்னும் அகலமாகப் பார்க்கும் லென்ஸுக்குப் போனால், லென்ஸுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் மடிப்புத் துருத்தியான சாதாரண பெல்லோஸ் நசுங்கி ரைஸே தர முடியாமல் போகும், பை மாதிரித் தொளதொளவென்று இருக்கும் பெல்லோஸ் வேண்டும். ஃபிலிம் பரப்பும் ஷீட்டில் பாதிகூட இல்லை. பெரிதாக்கும்போது ஃபோகஸ் பிசகினால் உடனே காட்டிக்கொடுக்கும், அதனால் லூப் என்ற பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்க வேண்டும். அப்புறம், அடுத்த படத்துக்கான ஃபிலிமை முன்கூட்டியே சுற்றி வைக்காதீர்கள். உருளையில் மடிந்து கிடந்த இடம் மேடுதட்டும். எடுக்கப்போகிற நேரத்தில் சுற்றுங்கள்.

ஹோல்டர் வாங்கும் முன் உங்கள் கேமராவின் பின்பக்கத்தைப் பாருங்கள். கிரவுண்ட் கிளாஸ் சட்டம் கழன்று வந்து, பக்கத்தில் நகரும் பூட்டுகள் இருந்தால் அது கிராஃப்லாக் என்ற வகை. கிராஃப்லெக்ஸ், ஹார்ஸ்மன் ஹோல்டர்கள் அதில் மாட்டும். வெறும் ஸ்பிரிங் மட்டும் என்றால், ஷீட் ஹோல்டர் போலவே கண்ணாடிக்கு அடியில் செருகும் வகையைத் தேடுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல். லேபில் கொடுத்த ரோலை 6×6 என்று நினைத்து நடுப்படத்திலேயே கத்தரி போட்டுவிட்டார்கள். போய்க் கேட்டால், "ஸ்கேன்தான் அனுப்பிட்டோமே சார், நெகட்டிவ் எதுக்கு?" என்கிறார்கள். எதுக்கா? ஃபிலிமில் எடுப்பதே அதற்குத்தானே ஐயா! இப்போதெல்லாம் கவர் மேலேயே "6×9, வெட்ட வேண்டாம், நெகட்டிவ் திருப்பித் தரவும்" என்று சிவப்பு மையில் எழுதித்தான் கொடுக்கிறேன். நீங்களும் எழுதிவிடுங்கள்.