பொறுப்புக் கட்டத்தில் ‘குழு’ என்று எழுதியதன் விலை

கேள்வி: ஏழு பேர் கொண்ட ஒரு மென்பொருள் திட்டக் குழுவுக்கு முதன்முறையாகத் தலைமை ஏற்கிறேன். யாருக்கு எந்தப் பொறுப்பைக் கொடுப்பது என்பதை எப்படி முடிவு செய்வது? குழுவில் அனுபவசாலி ஒருவர் இருக்கிறார். எதற்கெடுத்தாலும் எல்லாரும் அவரிடமே போகிறார்கள். அதை அப்படியே விட்டுவிடலாமா?

வணிக நிறுவனங்களுக்குச் சரக்கிருப்பு, கொள்முதல், கணக்கு ஆகியவற்றுக்கான மென்பொருளை நிறுவித் தரும் வேலையில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில், நான் செய்த ஒரு தவறிலிருந்து கிடைத்தது என்பதால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்குப் புதிய மென்பொருளை நிறுவினோம். எங்கள் தரப்பில் 6 பேர், அவர்கள் தரப்பில் ஸ்டோர் கீப்பரும் கணக்காளரும், ஆக 8 பேர். மார்ச் 31 மாலையோடு பழைய கணக்கை முடித்துவிட்டு, ஏப்ரல் 1 காலையில் தொடக்க இருப்பைப் புதிய மென்பொருளில் ஏற்றி வேலையைத் தொடங்குவது என்பது ஏற்பாடு. வேலைப் பட்டியலைத் தயாரித்தவன் நான். அறுபதுக்கு மேற்பட்ட வரிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘பொறுப்பு’ என்றொரு கட்டம் இருந்தது. ‘தொடக்க இருப்பைச் சரிபார்த்தல்’ என்ற வரிக்கு எதிரே நான் எழுதியிருந்த சொல் ‘குழு’.

பின்னலாடைத் தொழிலில் நூலும் துணியும் கிலோவில்தான் கணக்காகும். ஆனால் அந்த ஸ்டோரில் சாயமிட்டு வந்த துணியை ரோல் கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள். அடுக்குவதும் கட்டிங்குக்கு எடுத்துக் கொடுப்பதும் ரோலாகத்தான் என்பதால் அவர்களுக்கு அதுவே வசதி. எங்களுக்கு வந்த விரிதாளில் ‘அளவு’ என்று ஒரே பத்தி இருந்தது; சில வரிகளில் கிலோ, சில வரிகளில் ரோல். 480 ரோல் துணி 480 கிலோவாக ஏறிவிட்டது. ஒரு ரோல் 20 கிலோவுக்குக் குறையாது என்று வைத்துக்கொண்டால், பத்து டன்னுக்கு நெருக்கமான துணி அரை டன்னுக்கும் கீழே சுருங்கிப்போனது. மூன்றாம் நாள் மென்பொருள் தன் கடமையைச் சரியாகவே செய்தது: கையிலிருக்கும் ஆர்டருக்குத் துணி போதாது என்று கணக்கிட்டு, நூல் வாங்குவதற்கான கொள்முதல் ஆணையை அச்சிட்டுக் கொடுத்தது. கையெழுத்துக்குப் போகும் வழியில் அந்தத் தாளைப் பார்த்த ஸ்டோர் கீப்பர் என்னிடம் வந்து, “தம்பி, துணி அங்க அடுக்கிக் கெடக்குதுங்க, இன்னும் எதுக்குங்க நூலு?” என்று கேட்டார். அவர் அந்த நேரத்தில் அந்த மேசையைக் கடந்து போகாமல் இருந்திருந்தால் ஆணை போயிருக்கும்.

அன்று மாலை ஒவ்வொருவரிடமும் விசாரித்தேன். தரவை ஏற்றும் நிரலை எழுதியவர், தமக்குக் கொடுத்த தாளை அப்படியே ஏற்றியதாகச் சொன்னார். சோதனை செய்தவர், தாளின் கூட்டுத்தொகையும் மென்பொருளின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போனதைக் காட்டினார். கணக்காளர் தாம் பார்த்தது ரூபாய் மதிப்பை மட்டுமே என்றும், அளவு ஸ்டோர் சமாச்சாரம் என்றும் சொன்னார். ஸ்டோர் கீப்பரோ, தாம் எப்போதும் எழுதுகிற மாதிரியே எழுதிக் கொடுத்ததாகவும் அலகைப் பற்றி யாருமே தம்மிடம் கேட்கவில்லை என்றும் சொன்னார். நால்வர் சொன்னதும் உண்மை. ஓட்டை இருந்த இடம் என் பட்டியல்.

தவறுகள் ஒருவருடைய வேலைக்குள் நடப்பதைவிட, ஒருவர் வேலை முடிந்து அடுத்தவர் வேலை தொடங்கும் இடத்தில்தான் அதிகம் நடக்கின்றன. இதற்கு நாடறிந்த உதாரணம் 1999 செப்டம்பர் 23 அன்று நாசா இழந்த மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம். அதை உருவாக்கிய லாக்கீட் மார்ட்டின் தரப்பின் தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள், உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது. பாதையைக் கணித்தவர்கள் அதை நியூட்டன் அலகாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் ஏறத்தாழ 4.45 மடங்கு வித்தியாசம். செவ்வாயின் தரையிலிருந்து சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் கடந்திருக்க வேண்டிய கலம், 57 கிலோமீட்டர் உயரம் வரை இறங்கி அழிந்தது. எல்லாரும் அலகுக் குழப்பத்தோடு கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, விசாரணைக் குழு சொன்ன வேறொரு செய்தி: பாதை சற்றே பொருந்தாமல் போவதைக் கணிப்பாளர்கள் முன்னரே கவனித்திருந்தார்கள், ஆனால் அது முறையான புகாராகப் பதிவாகாமல் மின்னஞ்சல் பேச்சாகவே நின்றுவிட்டது. சந்தேகம் பலருக்கு இருந்தது. அதைக் கையில் எடுத்துக் கடைசி வரை துரத்த வேண்டிய கடமை தன்னுடையது என்று நினைக்க ஓர் ஆள் இல்லை.

ஆகவே உங்கள் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு பெயர் இருக்கட்டும். ‘குழு’, ‘அனைவரும்’, ‘மேம்பாட்டுப் பிரிவு’ போன்றவை பெயர்கள் அல்ல. சாய்கோடு போட்டு இரண்டு பெயர்களை எழுதுவது இன்னும் மோசம். இருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நிம்மதியாக இருப்பார்கள். திட்ட மேலாண்மைப் பயிற்சிகளில் ரேசி அட்டவணை என்று ஒன்றைக் கற்றுத்தருவார்கள்: செய்பவர், பதில் சொல்ல வேண்டியவர், ஆலோசனை கேட்கப்பட வேண்டியவர், தகவல் மட்டும் பெறுபவர் என நான்கு வகை. அதில் உருப்படியான விதி ஒன்றே ஒன்று: பதில் சொல்ல வேண்டியவர் ஒரு வேலைக்கு ஒருவர்தான். வேலையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறையின் வழிகாட்டியும், எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்கும் தயாரிப்பு உரிமையாளர் என்பவர் தனி ஒருவர், குழு அல்ல என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஏழு பேருக்கு நான்கு பத்திகள் தேவையில்லை என்பது என் கருத்து. ஆலோசனைப் பத்தியில் எல்லாரும் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்வார்கள், அப்புறம் ஒரு பொத்தானின் நிறத்துக்கும் கூட்டம் போட வேண்டிவரும். யார் செய்கிறார், முடிந்தது என்று யார் சொல்கிறார் என்ற இரண்டு பத்திகள் போதும். விரிதாளோ சுவரில் ஒட்டிய தாளோ, எதில் எழுதினாலும் சரி.

பட்டியலை எழுதும்போது வேலைகளிலிருந்து தொடங்காமல் முடிவுகளிலிருந்து தொடங்குங்கள். ‘உள்நுழைவுப் பக்கத்தை எழுதுதல்’ என்பது வேலை; அதை யாரும் மறக்கமாட்டார்கள். ‘வாடிக்கையாளர் நடுவில் கேட்கும் மாற்றத்தை ஏற்பதா, தள்ளிப்போடுவதா’ என்பது முடிவு; அதற்கு ஆள் குறிக்காவிட்டால், தொலைபேசியை யார் எடுத்தாரோ அவரே முடிவெடுத்துவிடுவார். அதன் பிறகு கைமாறும் இடங்களைத் தேடுங்கள். ஒருவர் கொடுப்பது இன்னொருவர் கைக்குப் போகும் ஒவ்வோர் இடத்துக்கும் தனி வரி போட்டு, அங்கே பெறுபவரின் பெயரை எழுதுங்கள். கொடுப்பவர் தாம் கொடுத்தது சரி என்றே நம்புவார். வாங்குபவர்தான் ‘இது எந்த அலகு?’ என்று கேட்க வேண்டியவர். திருப்பூருக்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான்.

பொறுப்போடு அதிகாரமும் போக வேண்டும். நம் ஊர் அலுவலகங்களில் பதவியின் பெயருக்குப் பின்னால் (பொ) என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நாற்காலிக்குரிய ஆள் வரும்வரை வேலையைப் பார்த்துக்கொள்பவர் அவர். கோப்பெல்லாம் அவர் மேசைக்கு வரும், ஆனால் பெரிய முடிவென்றால் ‘புதியவர் வரட்டும்’ என்று தயங்குவார். பல திட்டக் குழுக்களில் எல்லாருமே (பொ) தான். ஒருமுறை, வேலைக்குச் சேர்ந்து ஓராண்டே ஆன ஒரு பெண்ணிடம் சோதனைப் பொறுப்பைக் கொடுத்தேன். பட்டியலில் அவர் பெயர் தெளிவாக இருந்தது. ஆனால் வெளியீட்டுக்கு முந்தைய நாள் கண்டுபிடித்த பிழையை அவர் மென்குரலில் சொன்னதோடு நின்றுவிட்டார். ஏன் நிறுத்தச் சொல்லவில்லை என்று கேட்டபோது, “அண்ணா, நான் சொன்னா சீனியர்ஸ் கேப்பாங்களா?” என்றார். அவர் கேட்டது நியாயம். அவருக்குக் கடமையைக் கொடுத்தேனே தவிர, வெளியீட்டை நிறுத்தும் உரிமை அவருக்கு உண்டு என்பதை மற்ற ஐந்து பேர் முன்னிலையில் நான் சொல்லவே இல்லை. அதற்கு அடுத்த வாரக் கூட்டத்தில் எல்லார் காதிலும் விழும்படி அதைச் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து அவர் ஒரு வெளியீட்டை நிறுத்தினார். அது தேவையற்ற நிறுத்தம் என்று பின்னர் தெரிந்தது. அதற்காக யாரும் அவரைக் குறைசொல்ல விடவில்லை.

யாருக்கு எது என்பதைப் பொறுத்தவரை, திறமையை மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொருவரிடமும் தனியாக அரைமணி நேரம் பேசி, எதைச் செய்ய விருப்பம், எதைச் செய்து சலித்துவிட்டது என்று கேளுங்கள். விடுப்பில் போனால் பார்த்துக்கொள்ள மாற்று ஆளின் பெயரையும் குறித்துவையுங்கள்.

இனி உங்கள் அனுபவசாலி. அவர்மீது தவறில்லை; ஏழு பேருக்கு நடுவே இருவர் இருவராகப் பேசக்கூடிய வழிகள் 21 உண்டு, அத்தனையையும் நினைவில் வைத்துக்கொள்வதைவிட ஒரே ஆளிடம் போவது எல்லாருக்கும் எளிது. ஆனால் அதை அப்படியே விட்டால் பட்டியலில் ஏழு பெயர்கள் இருக்கும், நடைமுறையில் ஒரே பெயர்தான் இருக்கும். அவரை ஓரங்கட்டவும் வேண்டாம். அது அவமதிப்பாகிவிடும், அவர் அறிவும் வீணாகும். நான் செய்வது இது: கடினமான இரண்டு மூன்று வரிகளை மட்டும் அவர் பெயரில் வைப்பேன். மற்ற வரிகளைப் பற்றி யாராவது அவரிடம் கேட்டால், அந்த வரிக்குரியவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுமாறு அவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்வேன். பதில் அவர் வாயிலிருந்தே வரலாம், முடிவு மற்றவருடையதாக இருக்க வேண்டும். தெரிந்த பதிலைச் சொல்லாமல் ‘அவரைக் கூப்பிடு’ என்பது அவருக்கு முதல் சில வாரங்கள் மிகவும் சங்கடமாக இருக்கும். திட்டத்தின் முதல் மாதத்திலேயே அவரை ஒரு வாரம் விடுப்பில் அனுப்பிப் பாருங்கள். அந்த ஐந்து வேலை நாள்களில் எந்தெந்த வேலை நின்றதோ, அந்த வரிகளில் இருப்பவை வெறும் பெயர்கள் என்று தெரிந்துவிடும்.

திருப்பூருக்கு அடுத்த ஆண்டு கரூரில் ஒரு வீட்டு உபயோகத் துணி நிறுவனத்தில் இதே போன்ற வேலை. அங்கே மீட்டர், துண்டு, பேல் என மூன்று அலகுகள் புழங்கின. தொடக்க இருப்பு வரியில் இந்த முறை அவர்களுடைய ஸ்டோர் பொறுப்பாளரின் பெயரை மட்டும் எழுதி, அவர் கையெழுத்திடாமல் தரவு ஏறாது என்று முதலாளி முன்னிலையிலேயே சொல்லியிருந்தேன். மார்ச் 31 இரவு அவர் கையெழுத்திட மறுத்துவிட்டார். கிடங்கின் பின்பகுதியில் இருந்த பேல்களை மறுபடி எண்ண வேண்டும் என்றார். ஆள்களை வைத்து இரண்டு நாள் எண்ணினார். நாங்கள் ஏப்ரல் 3 அன்று தொடங்கினோம். தாமதத்துக்கான விளக்கக் கடிதத்தை என் மேலதிகாரிக்கு நான் எழுதினேன்.