சம்மதக் கையெழுத்துக்குப் பிறகு

கேள்வி: சென்ற அரிவுவெட்டுக் காலத்தில் என் ஐயாவைப் புடையன் பாம்பு கடித்தது. வைத்தியசாலையில் சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ஒருவர், ஆய்வுக்கென்று சம்மதக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டார். ஐயா சுகமாகிவிட்டார். ஆனாலும் இப்படியான ஆய்வுகளால் வன்னியில் இருக்கும் எங்களுக்கு என்ன பயன்?
(வாசகி, ஒட்டுசுட்டான்)

பதில்: ஐயா சுகமாக வீடு திரும்பியது மிகுந்த மகிழ்ச்சி. உங்கள் கேள்வி நியாயமானது. பாம்புக்கடியை வைத்தே அதற்குப் பதில் சொல்லலாம்.

புடையன் கடித்தவரின் இரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து, பின்னர் மெல்லச் சரித்துப் பார்ப்பதை விடுதியில் நீங்கள் கண்டிருக்கக்கூடும். இரத்தம் உறையாமல் ஓடினால் விஷம் ஏறிவிட்டது என்று பொருள். உடனே விஷமுறிவு மருந்து ஏற்றுவார்கள். குதிரையின் இரத்தத்திலிருந்து தயாரிக்கப்படும் அந்த மருந்து உயிரைக் காக்கிறது. ஆனால் அதுவே பலருக்குக் குளிர் நடுக்கத்தையும் தடிப்பையும், சிலருக்கு மூச்சுத்திணறலையும் இரத்த அழுத்த வீழ்ச்சியையும் உண்டாக்கிவிடும். இதைத் தடுக்கவென்று முன்கூட்டியே பல ஊசிகள் போடப்பட்டு வந்தன; அவற்றுள் எது உண்மையில் உதவுகிறது என்பதற்குத் திடமான சான்று இருக்கவில்லை.

களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களோடும் நம் நாட்டு வைத்தியசாலைகளோடும் சேர்ந்து, 1007 நோயாளரிடம் இதைச் சோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். விஷமுறிவு மருந்து எல்லோருக்கும் ஏற்றப்பட்டது. தடுப்பு ஊசி மட்டுமே ஆளுக்கு ஆள் மாறியது. தோலுக்கடியில் சிறிதளவு அட்ரினலின் போட்டவர்களுக்கு, முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான எதிர்விளைவுகள் 43 சதவீதம் குறைந்தன. வழக்கமாகப் போடப்பட்ட ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும் புரோமெத்தசின் என்ற ஒவ்வாமை மருந்தும் பயன் தரவில்லை. ஹைட்ரோகோர்ட்டிசோன் சேர்ந்தபோது அட்ரினலினின் பயனும் இல்லாமற் போயிற்று. ஆண்டாண்டாக நல்லதென்று நம்பிச் செய்த ஒன்று வீண் என்று தெரியவந்ததையே நான் இதில் பெரிதாக மதிக்கிறேன்.

இதைத் தனியொருவர் செய்திருக்க முடியாது. பல்கலைக்கழகத்திடம் கணக்கிட ஆளிருந்தது, நோயாளர் இல்லை. வைத்தியசாலையில் நோயாளரும் இராப்பகலாக அவர்களைப் பார்த்திருக்கும் தாதியரும் இருந்தார்கள், ஆய்வை வடிவமைக்க நேரமில்லை. கையெழுத்திட்ட குடும்பங்கள் இல்லையென்றால் இரு தரப்பும் சேர்ந்தும் பயனில்லை.

2012, 2013ஆம் ஆண்டுகளில் வட மாகாணம் உட்பட ஒன்பது மாகாணங்களிலும் 165,665 பேரிடம் வீடுவீடாகக் கேட்டு நடத்திய பாம்புக்கடிக் கணக்கெடுப்பும் அப்படிப்பட்டதே. ஆண்டுக்கு 80,000 பேரளவில் கடிபடுகிறார்கள், 400க்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்ற மதிப்பீடு அதிலிருந்துதான் கிடைத்தது. பரிகாரியாரிடம் போனவர்களும் வைத்தியசாலைக்கு வந்து சேராமலே இறந்தவர்களும் வைத்தியசாலைப் பதிவேட்டில் இருக்கமாட்டார்கள் அல்லவா?

ஆயினும் உங்கள் மனக்குறையை நான் தள்ளிவிடவில்லை. பல ஆய்வுகளின் முடிவு ஆங்கிலச் சஞ்சிகையோடு நின்றுவிடுகிறது. கையெழுத்திட்டவரின் வாசலுக்கு வருவதில்லை. அது ஆய்வாளர் பக்கத்துக் குறை. சம்மதக் கடிதத்தின் பிரதி உங்களிடம் இருந்தால், அதிலுள்ள தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, ஐயாவின் இரத்தம் எதற்குப் பயன்பட்டது, முடிவு எப்போது வரும், அதைத் தமிழில் தருவீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். பிரதி தரப்படவில்லையென்றால் அதையும் கேட்டு வாங்குங்கள். இனி எவரும் கையெழுத்துக் கேட்டால், விருப்பமில்லை என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதற்காகச் சிகிச்சையில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது.