முத்திரை எண் உங்களுடையது, தாள் யாருடையது?

கேள்வி: திருச்சிக்கு அருகே துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்கூடத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக வெல்டராக இருக்கிறேன். பத்தாம் வகுப்பில் தோற்றவன். ஐ.டி.ஐ. படிக்கவில்லை, உதவியாளாகச் சேர்ந்து தொழில் கற்றேன். சிக்கலான பைப் ஜாயின்ட் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் இன்ஸ்பெக்டர் பாராட்டும்போது ஃபோர்மேன் முன்னால் வந்து நிற்கிறார். புதிதாகச் சேர்ந்த டிப்ளமோ பையனுக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம். என் திறமைக்கு எப்போது மதிப்பு கிடைக்கும்? பேசாமல் வளைகுடாவுக்குப் போய்விடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஃபோர்மேனை விட்டுவிடுங்கள், தம்பி. பாராட்டு வரும் நேரத்தில் முன்னால் வந்து நிற்கும் ஒருவர் எல்லாத் தொழிற்கூடத்திலும் உண்டு. டிப்ளமோ பையன் கதை வேறு. வெல்டிங் செயல்முறைத் தாளைப் படிக்கவும், அறிக்கை எழுதவும், இன்ஸ்பெக்டர் கேட்டால் பதில் சொல்லவும்தான் அவருக்குச் சம்பளம். அந்த வேலையை உங்களாலும் கற்றுக்கொள்ள முடியும். உங்கள் கை வேலையை அவர் கற்க நெடுங்காலம் ஆகும்.

உங்கள் தொழிலுக்கு ஒரு பாக்கியம் இருக்கிறது. சமையல்காரரின் திறமைக்குச் சாப்பிட்டவர் வாய்தான் சாட்சி. நீங்கள் போட்ட ஜாயின்ட் பக்கத்தில் உங்கள் முத்திரை எண் பஞ்ச் செய்யப்படுகிறது. எக்ஸ்ரே பிலிம் எடுத்தால் அதன் அறிக்கையில் ஜாயின்ட் எண்ணோடு வெல்டர் எண்ணும் ஏறுகிறது. பன்னிரண்டு ஆண்டுத் திறமைக்குச் சாட்சி ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. அது கம்பெனி பீரோவில் இருக்கிறது, உங்களிடம் இல்லை. அவ்வளவுதான் குறை.

எனவே முதலில் உங்கள் வெல்டர் தகுதித் தேர்வுப் பதிவின் நகலைத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் கேளுங்கள். ஏ.எஸ்.எம்.இ. என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் விதித்தொகுப்பில் ஒன்பதாம் பிரிவின்படி அந்தத் தகுதி, தேர்வு வைத்த நிறுவனத்தோடு கட்டுப்பட்டது. வேறு இடம் போனால் பொதுவாக மறுபடி தேர்வு வைப்பார்கள். ஆனாலும் 6ஜி நிலையில், அதாவது 45 டிகிரி சாய்ந்து அசையாமல் நிற்கும் பைப்பில், நீங்கள் தேறியவர் என்பதற்கு அந்த நகல் சான்று. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. ஒரு முறையில், உதாரணமாக ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில் டங்ஸ்டன் முனையால் பற்றவைக்கும் டிக்கில் (TIG), ஆறு மாதத்துக்கு மேல் வெல்டிங் செய்யாமல் இருந்தால் அந்த முறைக்கான தகுதி காலாவதியாகிவிடும். உங்களை மேற்பார்வைக்கு மாற்றினாலும் இடையிடையே டார்ச்சைப் பிடித்து, அதைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.

அடுத்து, உங்களுக்கென்று ஒரு நோட்டு போடுங்கள். தேதி, உலோகம், பைப்பின் விட்டம், கனம், ரூட்டுக்கும் (அடியில் போடும் முதல் வரிசை) அதன்மேல் நிரப்புவதற்கும் என்ன முறை, எத்தனை ஜாயின்ட், அதில் எத்தனை ரிப்பேர் என்று எழுதுங்கள். ரிப்பேரை மறைக்காதீர்கள். ஒரு ரிப்பேர்கூட இல்லாத நோட்டை எந்த இன்ஸ்பெக்டரும் நம்ப மாட்டார். ரிப்பேர் ஏன் வந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால் நோட்டைத் திருப்பிக் கொடுக்காமல் மேலும் படிப்பார். வாடிக்கையாளரின் வரைபடத்தை மட்டும் செல்போனில் படம் எடுத்துவிடாதீர்கள், வேலையே போய்விடும்.

அந்த 'ஏன்' உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் என் சந்தேகம். பி91 பைப்பை, அதாவது உயர் வெப்பத்தைத் தாங்கும் குரோமிய எஃகுப் பைப்பை, எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 200 டிகிரிக்குக் குறையாமல் சூடேற்றிய பிறகே ஆர்க் போட வேண்டும், ரூட் போடும்போது பைப்புக்குள் ஆர்கான் ஓட வேண்டும், முடிந்தபின் 750 டிகிரியை ஒட்டி வெப்பச் சிகிச்சை என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ஆர்கான் இல்லாவிட்டால் ரூட்டின் உட்பக்கம் ஏன் கருகுகிறது? ஒன்பது சதவீதக் குரோமியம் உள்ள எஃகு ஆறும்போது ஏன் கடினமாகி விரிசலுக்கு இடம் தருகிறது? இன்ஸ்பெக்டர் கேட்கும்போது இதற்கு நீங்கள் பதில் சொன்னால், அவர் பேச்சு தானாக உங்கள் பக்கம் திரும்பும். ஃபோர்மேன் எங்கே நின்றாலும் சரி. டிப்ளமோ பையனிடமே கேட்டுப் படியுங்கள். பதிலுக்கு அவருக்கு ரூட் போடக் கற்றுக்கொடுங்கள். உங்களிடம் கற்றவர் நாளை எங்கே போனாலும் உங்கள் பெயரைச் சொல்வார்.

சான்றிதழ்களில் ஐ.டி.ஐ. குறையை அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதிச் சரிசெய்யலாம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே வெல்டர் பிரிவுக்குப் போதுமானதாக இருந்துவருகிறது. அனுபவச் சான்று உள்ளிட்ட மற்ற நிபந்தனைகளை அரசு ஐ.டி.ஐ.யில் விசாரியுங்கள். ஆனால் உங்கள் நிலையில் நான் முதலில் போவது இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகள் 1950-இன் கீழ் நடக்கும் உயரழுத்த வெல்டர் தேர்வுக்குத்தான். அந்தச் சான்று குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லும், புதுப்பிக்க வேண்டும். இருந்தாலும் பாய்லர் வேலையில் அதற்கு உள்ள மரியாதை தனி. பயிற்சிக்கு வெளியூர் அலைய வேண்டாம். 1975-இல் பெல் நிறுவனம் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு நாளில் 'சர்வதேச நிபுணர்' ஆக்குகிறோம் என்று போஸ்டர் ஒட்டுபவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் கையில் வந்தபிறகு முதலாளியிடம் சம்பளம் பேசுங்கள். 'பன்னிரண்டு வருடமாக உழைக்கிறேன்' என்று தொடங்கினால் ஆறுதல் கிடைக்கும், பணம் கிடைக்காது. உங்கள் ரிப்பேர் விகிதத்தையும், ஒரு ரிப்பேருக்கு அவருக்கு ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

வளைகுடா தவறில்லை. ஆனால் கோபத்தில் கிளம்பாதீர்கள். பத்தாம் வகுப்புத் தேறாததால் உங்கள் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகையாக இருக்கும், சவூதி, கத்தார், குவைத் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். ஏஜென்டின் பதிவு எண்ணை அரசின் இ-மைகிரேட் தளத்தில் சரிபாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் வேலையின் பெயரைக் கட்டாயம் பாருங்கள். வெறும் 'வெல்டர்' என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். '6ஜி டிக் வெல்டர்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.