பிரசவம் இலவசம், வைத்தியசாலையும் இருக்கிறது. பிறகு படுவான்கரைத் தாய்மாருக்கு என்ன தடை?

"இலங்கையில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே, அதுவும் இலவசமாகவே நடக்கின்றன. அப்படியிருக்க, மட்டக்களப்புக் கிராமங்களில் மகப்பேற்றுச் சேவை பெறுவதில் தடை இருப்பதாக ஏன் சொல்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் முப்பது வருடங்களுக்குக் கிட்டக் குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது வீடு வீடாகப் போய்த் தாய்மாரைப் பார்க்கும் மருத்துவமாதாக, வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். அந்த அனுபவத்திலிருந்து பதில் எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியில் உள்ள தகவல்கள் சரியானவை. 1930களில் இந்நாட்டில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை 30 அளவில் நிற்கிறது. வெயிலிலும் சேற்றிலும் வீடு வீடாக நடந்த மருத்துவமாதுகளின் உழைப்பு அதில் கலந்திருக்கிறது என்பதால், அந்தச் சாதனையை யார் குறைத்துப் பேசினாலும் எனக்குப் பொறுக்காது. ஆனால் தாய் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தாளா என்பதை மட்டுமே அந்தக் கணக்கு சொல்லும். எத்தனை மணிக்கு, எதில் ஏறி, என்ன நிலையில் போய்ச் சேர்ந்தாள் என்பது அதில் இல்லை. எங்கள் பக்கத்துத் தடைகள் எல்லாம் வீட்டுப் படலைக்கும் வைத்தியசாலை வாசலுக்கும் இடையில்தான் இருக்கின்றன.

மட்டக்களப்பு வாவி எங்கள் மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள எழுவான்கரையில் நகரமும் போதனா வைத்தியசாலையும் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. வாவிக்கு மேற்கே வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி என வயலும் குளமும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை. இங்கும் சிறிய வைத்தியசாலைகள் உண்டு; ஆயினும் சத்திரசிகிச்சையோ குருதி ஏற்றுவதோ மகப்பேற்று நிபுணரின் கவனிப்போ தேவைப்பட்டால் தாய் வாவியைக் கடந்தே ஆக வேண்டும். மண்முனையில் ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட பாலம் 2014இல் திறக்கப்படும்வரை அங்கே பாதைதான் ஓடியது. (நாங்கள் பாதை என்று சொல்வது வீதியை அல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை.) அந்நாட்களில் இரவில் பாதை ஓடாது. குத்து எடுத்த, அதாவது பிரசவ வலி கண்ட, பெண்ணைத் தோணியில் கிடத்தி, நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அக்கரை வெளிச்சத்தைப் பார்த்தபடி இருந்த இரவுகள் சில உண்டு. பாலம் வந்தது எங்கள் தாய்மாருக்குக் கிடைத்த பெரிய வரம். ஆனால் பாலத்துக்கு வந்து சேர்வதற்குக் கிறவல் வீதி இருக்கிறது, குளக்கட்டு இருக்கிறது, மாரியில் வீதியை மேவிப் பாயும் தண்ணீர் இருக்கிறது, இருட்டினால் யானையும் இருக்கிறது. எனது பிரிவுக்கு வெளியே, கிரான் பக்கத்தில், புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கினால் அப்பாலுள்ள ஊர்களுக்குப் படகுதான் வழி.

ஒரு மார்கழி இரவைச் சொல்கிறேன். மூன்றாவது பிள்ளைக்காரி ஒருத்திக்கு, குறித்த திகதிக்கு ஒன்பது நாட்களுக்கு முன்னர், இரவு பதினொரு மணியளவில் தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது. கணவர் வட்டையில், அதாவது வயல்வெளியில், குடில் போட்டுக் காவலில் இருந்தார், தொலைபேசி எடுபடவில்லை. அவளுடைய தகப்பனார்தான் எனக்கு அழைத்தார். "குளக்கட்டில ஆனை நிக்கிது மிஸ், விடிஞ்சா போவம்" என்றார். முதல் இரண்டும் சுகப்பிரசவம் என்பதால் அவருக்கு விடியும்வரை பொறுக்கலாம் என்ற எண்ணம். நான் பொறுக்கக் கூடாது என்று சொல்லிப் புறப்பட்டேன். அயலில் இருந்த உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே மெத்தையைப் போட்டு, நாலு மூலையிலும் ஆட்கள் பிடித்த தறப்பாளின் கீழ் அவளைக் கிடத்தினோம். முன்னால் இரண்டு பேர் டோர்ச் லைட்டும் யானை வெடியுமாக நடந்தார்கள். மூன்று மைல் போக ஒன்றரை மணி நேரம் சென்றது. பிரதான வீதியில் அம்புலன்ஸ் காத்து நின்றது. பிள்ளை சுகமாகப் பிறந்தது. ஆனால் பிறந்த கையோடு தாய்க்குக் குருதி நிற்காமல் போகத் தொடங்கி, குருதி ஏற்றித்தான் அவளைக் காப்பாற்றினார்கள். ஐந்தாம் நாள் அவளைப் பார்க்க வீட்டுக்குப் போனபோது, விளிம்பெல்லாம் சேறு காய்ந்தபடி அந்தத் தறப்பாள் வேலியில் கிடந்தது.

பிரசவத்தின் பின் ஏற்படும் கடும் குருதிப்பெருக்கு யாருக்கு வரும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. வந்துவிட்டால், மருந்தும் குருதியும் கிடைக்காத இடத்தில் ஓரிரு மணி நேரத்துக்குள் உயிரைக் கொண்டுபோய்விடும். விடியட்டும் என்று அவர்கள் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நான் இங்கே எழுதத் தேவையில்லை. தடியஸ், மெயின் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் தாய்மாரின் இறப்புக்குக் காரணமான மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: போக வேண்டும் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். அந்த ஒரே இரவில் முதல் இரண்டையும் நான் கண்ணால் கண்டேன்.

அவள் ஏன் முன்கூட்டியே விடுதியில் போய் இருக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். தூர இடத்துத் தாய்மார் திகதிக்கு முன்னரே வந்து அனுமதி பெற வேண்டும் என்று கிளினிக்கில் அவளுக்குச் சொல்லித்தான் இருந்தது. வீட்டில் நாலு வயதிலும் இரண்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள்; அவர்களை யாரிடம் விடுவது? வைத்தியசாலையில் பணம் வாங்குவதில்லை என்பது உண்மை. ஆனால் ஆட்டோவுக்குக் காசு வேண்டும். துணைக்கு வருபவரின் நாட்சம்பளம் போகும். சாப்பாடு கொண்டுபோகிறவர் இரண்டு பஸ் மாற வேண்டும். நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு ஒன்பது நாள் விடுதியில் இருப்பது என்பது ஒரு மாத வரவு செலவையே புரட்டிப் போடும் விடயம். இதைக் கணக்கில் எடுக்காமல் "அக்கறை இல்லாத ஆட்கள்" என்று அந்தப் பெண்களைச் சிலர் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே மனம் நோகும். 2022இல் எரிபொருள் இல்லாமல் போன மாதங்களில், கிளினிக்குக்கு வர விரும்பியும் வர முடியாத தாய்மாரை நான் தினமும் கண்டேன். எனக்கே மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லாமல், துவிச்சக்கரவண்டியில் எட்டிய வீடுகளுக்கு மட்டும் போன காலம் அது.

முடிவெடுப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வேறு இடங்களில் மாமியார் தடுப்பதாக எழுதுவார்கள். எங்கள் வழக்கம் வேறு. இங்கே வீடு மகளுக்குத்தான். கல்யாணம் முடித்தாலும் பெண் தாயின் வளவிலேயே இருப்பாள், மருமகன்தான் வந்து சேர்வார். ஆகவே பிள்ளைத்தாய்ச்சிக்குத் தாயின் துணை எப்போதும் இருந்தது. அதுதான் எங்கள் பெண்களின் பலம். அந்தத் தாய் வீட்டு வேலைக்காக மத்திய கிழக்குக்குப் போய்விட்ட வீடுகளில் அந்தப் பலமே இல்லாமல் போய்விடுகிறது. வயது போன அம்மம்மா ஒருத்தியும், பதினெட்டு வயது ஆகாத பெண்பிள்ளையும் மட்டும் இருக்கும் வீட்டில் யார் முடிவெடுப்பது?

என்னை மிகவும் வருத்தியவை அப்படிப்பட்ட வீடுகள்தான். திருமண வயது 18. அதற்கு முன்னரே பதிவில்லாமல் குடும்பமாகிவிடும் பிள்ளைகள் வயிற்றை மறைப்பார்கள், கிளினிக்கில் பதிந்தால் பொலிசுக்குப் போய்விடும் என்ற பயத்தில். எட்டு வாரத்துக்குள் பதிய வேண்டியவள் ஆறாம் மாதத்தில் வந்து நிற்பாள். அதற்குள் இரும்புச்சத்து மாத்திரையோ குருதிப் பரிசோதனையோ ஒன்றும் நடந்திராது. ஒரு பிள்ளை தன்னுடைய கர்ப்பிணி அட்டையை அரிசிப் பானைக்குள் மறைத்து வைத்திருந்தாள். எடுத்து நீட்டியபோது தாளெல்லாம் தவிட்டு மணம். நான் ஏசவில்லை. ஏசினால் அடுத்த முறை அட்டை மட்டுமல்ல, ஆளும் கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

ஏச்சு என்பதும் ஒரு தடை. இதை எழுதுவதற்குச் சங்கடமாக இருந்தாலும் எழுதுகிறேன். பெரிய வைத்தியசாலை ஒன்றின் பிரசவ அறையில், வலி தாங்காமல் சத்தம் போட்ட என் பிரிவுப் பெண் ஒருத்தியிடம் சொல்லப்பட்ட வார்த்தைகளை அவள் என்னிடம் அழுதபடி சொன்னாள். அடுத்த பிள்ளைக்கு அவள் கடைசி நிமிடம்வரை வீட்டிலேயே இருந்தாள். அங்கே நல்ல தாதிகளும் வைத்தியர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் ஒரு தாய் ஊருக்குத் திரும்பிச் சொல்லும் ஒரு சொல், நான் ஒரு வருடம் வீடு வீடாகப் போய்ப் பேசியதை அழித்துவிடும். மொழியும் அப்படியே. தமிழ் அவ்வளவாகத் தெரியாத வைத்தியரிடம் "தலை இடிக்குது, கண் மங்குது" என்று சொல்லத் தெரியாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருபவர்கள் உண்டு. அந்த இரண்டு அறிகுறிகளும் உயர் குருதி அமுக்கத்தால் வலிப்பு வருவதற்கு முன் எச்சரிக்கையாக இருக்கக்கூடியவை.

ஏறத்தாழ 3000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் என்பது நியமம். வெற்றிடம் நிரப்பப்படாத பிரிவையும் சேர்த்துப் பார்க்கச் சொன்ன வருடங்களில் என்னிடம் அதன் இரு மடங்கு ஆட்கள் இருந்தார்கள். பிரசவத்தின் பின் முதல் பத்து நாட்களுக்குள் இரண்டு தடவை வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டாவது தடவையைப் பல வீடுகளுக்கு என்னால் பிந்தித்தான் செய்ய முடிந்தது. பாலங்களைக் கேட்பதைப் போலவே இந்த வெற்றிடங்களை நிரப்பும்படியும் எங்கள் பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

உங்கள் வீட்டிலோ அயலிலோ பிள்ளைத்தாய்ச்சி இருந்தால், ஏழாம் மாதம் தொடங்கியதும் இதைச் செய்யுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் அது வரக்கூடிய வீதி எதுவரை உள்ளது என்பதை முன்னரே பார்த்து வையுங்கள். நான் தாய்மாரின் அட்டைக்குள் ஒரு துண்டுத் தாள் செருகி, அதில் மூன்று பெயர்களைத் தொலைபேசி இலக்கத்தோடு எழுதி வைப்பேன்: அந்த வீதிவரை கொண்டுபோக வாகனம் தருபவர், கூடவே போகிறவர், வீட்டில் மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பவர். வாகனத்துக்கு இரண்டு பெயராவது இருக்கட்டும். மாரி காலமானால் இரண்டாவது பெயர் உழவு இயந்திரம் உள்ளவருடையதாக இருக்கட்டும். அவரிடம் இன்றைக்கே போய் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.