படகை விற்று மகளை கிரேக்கம் படிக்க வைக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் அழகன்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். கணவருக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. நல்ல மாதத்தில் 35,000 ரூபாய் வரும். காற்று மாதத்தில் 8,000 வந்தாலே பெரிது. மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டாள், 600-க்கு 541. பழங்கால கிரேக்க மொழியும் இலக்கியமும்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். ராமநாதபுரத்தில் ஒரு ஏஜென்ட், "ஜெர்மனியில் ஃபீஸே கிடையாது, இரண்டரை லட்சம் கட்டுங்கள், இந்த வருடமே அனுப்பிவிடலாம், மீதிக்கு லோன் கிடைக்கும்" என்கிறார். 14 பவுன் நகையில் 3 பவுன் அடகில் இருக்கிறது. செல்வமகள் கணக்கில் 1.6 லட்சம். படகையும் என்ஜினையும் விற்றால் 4 லட்சம் வரும், விற்றுவிடலாம் என்கிறார் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது. மகன் ஒன்பதாவது படிக்கிறான். என்ன செய்யலாம்? (பெயர் வேண்டாம்)

பதில்: சகோதரி, படகை விற்க வேண்டாம். ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். அதே நேரத்தில், இந்தப் படிப்பே வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிடவும் வேண்டாம்.

முதலில் ஏஜென்ட் சொன்னதைப் பார்ப்போம். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை என்பது உண்மை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஆனால் நம் பிளஸ் டூவை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே கிரேக்கம் படிக்க நேரடியாகச் சேர முடியாது. இங்கே ஒரு வருடமாவது பட்டப்படிப்பில் தேறியிருக்க வேண்டும். இல்லையென்றால் 'ஸ்டூடியன்கொல்லெக்' என்ற ஒரு வருட ஆயத்தப் படிப்பை அங்கே போய் முடிக்க வேண்டும். பாடம் நடப்பது ஜெர்மன் மொழியில். சி1 நிலை வரை (ஏ1-இல் தொடங்கும் ஆறு படிகளில் ஐந்தாவது) ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தைகூடத் தெரியாத பிள்ளைக்கு அதற்கே ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். "இந்த வருடமே அனுப்புகிறேன்" என்பது நடக்காத காரியம். சான்றிதழ் சரிபார்ப்புக்கு 18,000 ரூபாய், விண்ணப்பத்துக்கு முதல் பல்கலைக்கழகத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்ததற்கு 30 யூரோ. ஏஜென்ட் இரண்டரை லட்சம் வாங்கிச் செய்யும் வேலையின் அசல் செலவு இவ்வளவுதான். இதை உங்கள் மகளே உட்கார்ந்து செய்துவிடலாம்.

அடுத்து, ஃபீஸ் இல்லை என்றாலும் சாப்பாடு, வாடகை உண்டு. விசாவுக்கே ஒரு வருடச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அது யாருக்கும் கட்டும் கட்டணம் இல்லை, மாதம் 992 யூரோவாக அவளுக்கே திரும்பி வரும். ஆனால் முதலில் முழுப் பணமும் கையில் இருந்தாக வேண்டும். ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 12 லட்சம், வருடத்துக்கு. ஆயத்த வருடத்தைச் சேர்க்காமல், மூன்று வருடத்துக்கு வருடம் 10 லட்சம் கடன் எடுப்பதாகவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். வட்டி 10.5 சதவீதம். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். 30 லட்சம் 39 லட்சத்தைத் தாண்டும். அப்புறம் 15 வருடத்துக்கு மாதம் 43,600 ரூபாய். உங்கள் வீட்டின் நல்ல மாத வருமானத்தையே மிஞ்சுகிற தொகை இது. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பொதுவாக அடமானமும் கேட்கும். அடமானம் வைக்க உங்களிடம் வீட்டைத் தவிர வேறென்ன இருக்கிறது?

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மகள் படிக்க ஆசைப்படும் மொழியில் ஒரு கடன் பத்திரம் இருக்கிறது. கி.மு. 4-ம் நூற்றாண்டில் ஏதென்ஸில் வாழ்ந்த டெமாஸ்தனிஸ் என்ற பேச்சாளரின் பெயரில் வந்துள்ள ஒரு வழக்குரைக்குள் அது அப்படியே கிடக்கிறது. கருங்கடல் வரை போய் வர 3,000 திராக்மா கடன். ஈடு, 3,000 ஜாடி மது. வட்டி ஆயிரத்துக்கு 225. ஸ்வாதி நட்சத்திரம் விடியலில் தோன்றும் பருவத்துக்குப் பிறகு கருங்கடலை விட்டுக் கிளம்பினால் ஆயிரத்துக்கு 300, ஏனென்றால் அதற்குமேல் கடல் மோசம். கச்சானும் வாடையும் பார்த்துப் படகு இறக்குகிற உங்கள் வீட்டுக்காரருக்கு இந்த வட்டிக் கணக்கு உடனே புரியும். அந்தக் கடனில் முக்கியமான ஒரு விதி உண்டு: கப்பல் மூழ்கினால் கடன் வாங்கியவன் திருப்பித் தர வேண்டியதில்லை. நஷ்டம் கொடுத்தவனுக்கு. அதனால்தான் அவ்வளவு வட்டி.

கல்விக் கடன் அப்படி இல்லை. படிப்பு பாதியில் நின்றாலும், வேலை கிடைக்காவிட்டாலும், பிள்ளைக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் கட்டித்தான் ஆக வேண்டும். கூட்டுக் கடன்காரராகக் கையெழுத்துப் போடுகிற தகப்பனையும் வங்கி கேட்கும். வேலை எப்போது வரும் என்று தெரியாத ஒரு படிப்புக்கு, தொழில் செய்கிற படகையே விற்றுவிட்டு அந்தக் கடனில் இறங்கக் கூடாது. நானும் தொண்டிப் பக்கம் பிறந்தவன்தான். என் படிப்புக்காக அம்மாவின் சங்கிலியை அப்பா ஒரு தனியார் அடகுக் கடையில் வைத்தார். அது திரும்பி வரவே இல்லை. அம்மா கடைசி வரை மஞ்சள் கயிறோடுதான் இருந்தார். படித்ததற்காக நான் வருந்தவில்லை. ஆனால் அந்தக் கடனை வேறு விதமாக வாங்கியிருக்கலாம் என்று இந்தப் பண ஆலோசனைத் தொழிலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

சரி, என்ன செய்யலாம்? அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. சேர்த்துவிடுங்கள். ஆங்கிலமோ வரலாறோ எதுவானாலும் சரி; கிரேக்க இலக்கணமும் அகராதியும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கும் என்பதால் ஆங்கில இலக்கியம் நல்லது. ஃபீஸ் மிகக் குறைவு. ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் பட்டம் முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். அந்தப் பணத்தைத் தொடாமல் ஜெர்மன் வகுப்புக்கும் தேர்வுக்கும் வைத்துக்கொள்ளட்டும். சென்னை மாக்ஸ் முல்லர் பவன் நடத்தும் தேர்வை எழுதி ஏ1, ஏ2 என்று படிப்படியாக ஏறலாம்.

கிரேக்கத்துக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் நடத்தும் பெர்சியஸ் மின்நூலகத்தில் பழங்காலக் கவிஞர் ஹோமர் முதல் ஏராளமான கிரேக்க நூல்கள் இலவசம். ஒரு சொல்லைத் தொட்டால் அதன் பொருளும் இலக்கண வடிவமும் வந்து நிற்கும். இறையியல் கல்லூரிகளில் புதிய ஏற்பாட்டைப் படிப்பதற்காகக் கிரேக்கம் கற்பிக்கிறார்கள். மதுரைப் பக்கம் விசாரித்தால் சொல்லித்தர ஒருவர் கிடைப்பார். ஹோமரின் கிரேக்கத்திலிருந்து அது பல நூற்றாண்டு தள்ளியது என்றாலும் எழுத்தும் இலக்கண அடிப்படையும் அதுதான். இன்னொன்றையும் மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: மேற்படிப்புக்குப் போனால் கிரேக்கத்தோடு லத்தீனும் கேட்பார்கள்.

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அவள் நோட்டுப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 24 எழுத்தையும் எழுதி ஒவ்வொன்றின் கீழும் தமிழில் ஒலி போட்டிருக்கிறாள். 'ஃபி'க்குக் கீழே 'ஃப' என்று எழுதி, அடித்துவிட்டு, 'ப்ஹ' என்று மாற்றியிருக்கிறாள். அதுதான் சரி. பழைய காலத்தில் அந்த எழுத்துக்கு அப்படித்தான் உச்சரிப்பு. சொல்லித்தர ஆள் இல்லாமல் அந்த வித்தியாசத்தைத் தேடிக் கண்டுபிடித்த பிள்ளை இது. நாலாம் வகுப்பில் அழகன்குளம் அகழாய்வுக் குழியைப் பார்த்ததிலிருந்தே இந்தப் பித்து என்று எழுதியிருந்தீர்கள். பித்து என்று சொல்லாதீர்கள். அங்கே ரோமானியக் காசு கிடைத்த கதை ஊருக்கே தெரியும். நம் தெற்குக் கடலின் முத்துக்குளிப்பைத் தண்டனைக் கைதிகளை வைத்துப் பாண்டியர் நடத்தியதாக முதல் நூற்றாண்டின் 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கப் பயணக் குறிப்பு சொல்கிறது. முசிறியிலிருந்து சரக்கு ஏற்றிப்போன ஒரு கப்பலின் கடன் ஒப்பந்தம், 2-ம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்டது, வியன்னா நூலகத்தில் இருக்கிறது. இதையெல்லாம் மூலத்தில் படிக்கத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் மிகச் சிலர்தான். அரிதான படிப்பு என்பதற்காக மட்டும் சம்பளம் வந்துவிடாது, அதையும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் கையில் ஒரு பி.ஏ. வேண்டும் என்கிறேன்.

பணத்துக்கு வருவோம். உங்களைப் போல வருமானம் ஏறி இறங்குகிற வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று கட்டும் ஆர்.டி. ஒத்துவராது. படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு என்று பிரிக்கிறீர்கள் அல்லவா? அதோடு படிப்புக்குக் கால் பங்கு என்று ஒதுக்கி அன்றன்றே தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். பாடு இல்லாத நாளில் போட வேண்டாம். செல்வமகள் பணத்தில் பாதி வரை படிப்புக்கு எடுக்கலாம், ஆனால் இப்போது தொடாதீர்கள். மகனுக்கும் மூன்று, நான்கு வருடத்தில் கல்லூரிச் செலவு வரும்.

பி.ஏ. முடிகிற நேரத்தில் ஒரு சோதனை வையுங்கள். ஜெர்மனில் பி2 சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். ஜெனபோனின் 'அனபாசிஸ்' நூலில், மாதக்கணக்காக மலையிலும் பனியிலும் நடந்த கிரேக்கப் படை கருங்கடலைக் கண்டதும் "கடல், கடல்" என்று கத்துகிற ஒரு பக்கம் உண்டு. அதை அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் இருவருக்கும் தமிழில் சொல்லிக் காட்டட்டும். இரண்டும் முடிந்தால் சி1-ஐயும் முடித்துவிட்டு ஜெர்மனிக்கு விண்ணப்பிக்கலாம்; உதவித்தொகைக்கும் போடலாம். உதவித்தொகை கிடைக்காவிட்டாலும் முதல் வருடத்துக்கு மட்டும் 12 லட்சம் கடன் என்றால், 15 வருடத்துக்கு மாதத் தவணை 13,300 ரூபாய்க்குள் நிற்கும். இடைக்கால வட்டியை அவ்வப்போது கட்டிவந்தால்தான் இந்தக் கணக்கு. மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் வரை வேலை பார்க்க அங்கே அனுமதி உண்டு, அடுத்த வருடங்களின் செலவில் பெரும்பகுதியை அதில் ஈடுகட்டலாம். இரண்டில் ஒன்று முடியாவிட்டால் பி.ஏ. இருக்கிறது, படகும் இருக்கிறது.

கடிதத்தோடு அடகுச் சீட்டின் படமும் அனுப்பியிருந்தீர்கள். 3 பவுன், மாதம் இரண்டு ரூபாய் வட்டி, வருகிற 28-ம் தேதியோடு மூழ்கிவிடும் என்று அதில் இருக்கிறது. வருடத்துக்கு 24 சதவீதம் அது. கணவரையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போங்கள். கையில் இருக்கிற நகையில் இரண்டு பவுனை அங்கே நகைக் கடனுக்கு வைத்து, அந்தப் பணத்தில் கடையில் இருப்பதைத் திருப்புங்கள். வட்டி பாதிக்கும் கீழே வரும். சீட்டை வாங்கும்போது கடைக்காரரிடம் கணக்கு முடிந்ததாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.