படிப்பு முடிந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

கேள்வி: கோவையில் மென்பொருள் வேலையில் இருந்த நான், திருமணமானதும் அதை விட்டுவிட்டு, டெக்சாஸில் பொறியியலில் பிஎச்.டி. செய்யும் கணவருடன் மாணவரின் மனைவிக்குத் தரப்படும் எஃப்-2 விசாவில் வந்து சேர்ந்தேன். அவர் ஆய்வகத்திலிருந்து திரும்ப இரவு பத்து மணியாகிறது. கைச்செலவுக்கும் அவரிடமே கேட்க வேண்டியிருப்பதால் சண்டை ஓயவில்லை. “படிப்பு முடியும்வரை பொறுத்துக்கொள்” என்கிறார். வேறு வழி உண்டா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கணவர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கலாம், ஆனால் அவர் போடும் கணக்கு தவறு. எஃப்-2 விசாவில் இருப்பவர் அமெரிக்காவில் வேலை பார்க்கக் கூடாது. பிஎச்.டி. அங்கே ஐந்தாறு ஆண்டுகள் நீள்வது சாதாரணம். பட்டம் பெற்றபின், பொறியியல் துறை என்பதால், ஓபிடி எனப்படும், படிப்புக்குப் பிந்தைய தற்காலிக வேலை அனுமதியில் அவர் மூன்றாண்டு வரை வேலை பார்க்கலாம் என்றாலும், அப்போதும் நீங்கள் எஃப்-2தான். அவருக்கு எச்-1பி வேலை விசா கிடைத்து, நீங்கள் அவருடைய மனைவி என்ற முறையில் எச்-4 விசாவுக்கு மாறினாலும், பொதுவாக, அவருடைய கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்ட பிறகே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும். பரிமாற்றத் திட்டங்களில் (ஜே-1) வருபவர்களின் துணைவராக ஜே-2 விசாவில் வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. பத்துப் பொருத்தமும் பார்க்கும் நம் பெற்றோர்கள் விசாவின் வகையை விசாரிப்பதில்லை.

ஆகவே அவருடைய பட்டத்துக்காகக் காத்திருப்பதைவிட, நீங்களே எஃப்-1 என்ற மாணவர் விசா நிலைக்கு மாறி மாணவியாவதுதான் உறுதியான வழி என்பது என் கருத்து. 2015 முதல் எஃப்-2 விசாவிலும் பகுதிநேரமாகப் பாடங்கள் படிக்கலாம். முழுநேரப் படிப்புக்கு எஃப்-1 நிலை கிடைத்திருக்க வேண்டும். உதவி ஆசிரியர் அல்லது ஆய்வு உதவியாளர் பணியோடு இடம் கிடைத்தால், கட்டணச் சுமை குறைவதோடு, கல்விப் பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பல்கலைக்கழகத்துக்குள் வேலை செய்து உங்கள் பெயரிலேயே சம்பளம் பெறலாம்.

பணத் தகராறை அதுவரை தள்ளிப்போடாதீர்கள். அவருடைய உதவித்தொகை ஒருவர் வாழ்வதற்கென்று கணக்கிடப்பட்டது. அதில் இருவர் வாழும்போது நெருக்கடி வருவது இயல்பு, அதற்கு நீங்கள் காரணமல்ல. கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கி, உங்கள் கைச்செலவை வாடகையைப் போலவே மாதத் தொடக்கத்தில் ஒதுக்கிவிடச் சொல்லுங்கள். இரவு பத்து மணி விஷயத்தில் அவர் மீது எனக்குச் சற்று இரக்கமுண்டு, ஏனெனில் ஆய்வக நேரத்தைப் பெரும்பாலும் நெறியாளர்தான் தீர்மானிக்கிறார். ஆனாலும் வாரத்தில் ஒரு மாலையாவது உங்களுக்கென்று ஒதுக்கும்படி கேட்பது நியாயமே.

பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்தே செல்லுங்கள். ஆகஸ்டில் தொடங்கும் படிப்புகளுக்குப் பல துறைகள் முந்தைய டிசம்பர், ஜனவரியிலேயே விண்ணப்பங்களை முடித்துவிடும்.